கோஷியெனின் கறுப்பு மண்

முதல் நாள் – ஆகஸ்ட் 20, 2024, செவ்வாய்

ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டோம். பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் டிவியில் மட்டுமே பார்த்த இடம். இப்போது அதற்குப் பத்து நிமிட நடையில் ஒரு சின்ன ஓட்டல் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மகன் தூங்கிவிட்டான், தொப்பியைக் கழற்றாமலே.

பேஸ்பால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜப்பானில் கோடை என்றால் பள்ளிப் பையன்களின் பேஸ்பால். நாட்டின் 47 மாகாணங்களிலும் ஜூன், ஜூலையில் தகுதிச் சுற்று நடக்கும், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் இறங்கும். தோக்கியோவுக்கும் ஹொக்கைதோவுக்கும் இரண்டிரண்டு இடம், மற்ற மாகாணங்களுக்கு ஒன்று, ஆக 49 அணிகள் கோஷியென் மைதானத்துக்கு வரும். லீக் முறை கிடையாது. ஒருமுறை தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு அதோடு பள்ளி பேஸ்பாலே முடிந்துவிடும்.

நாங்கள் இருப்பது தோக்கியோவின் எதொகவா வட்டாரத்தில், நிஷிகசாய் பக்கம். ஜப்பானில் நம் நாட்டு ஆட்கள் அதிகம் குடியிருக்கும் இடம் என்று அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும், இட்லி அரிசிகூடக் கிடைக்கும். அதே எதொகவாவில்தான் கான்தோ தாயிச்சி உயர்நிலைப் பள்ளியும் இருக்கிறது. என் மகன் வட்டாரத்துச் சிறுவர் அணியில் இரண்டு ஆண்டாக விளையாடுகிறான், அவனுக்கு உலகத்தில் ஒரே அணி அதுதான். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில்தான் வாங்க வேண்டும், யார் யார் ஆடப்போகிறார்கள் என்று தெரியாமலே அரையிறுதிக்கும் இறுதிக்கும் வாங்கி வைத்திருந்தேன். நேற்றுக் காலிறுதியில் கான்தோ தாயிச்சி, தோக்காய் பல்கலைக்கழக சகாமி பள்ளியை 2-1 என்று வென்றது. அலுவலகத்தில் இருந்தேன், மகன் போனில் கத்தியதில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பயணம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஷின்கான்செனில் ஷின்-ஓசாகாவுக்கு இரண்டரை மணி நேரம். போன வெள்ளிக்கிழமை புயலால் தோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் நடுவில் நாள் முழுக்க ஒரு ஷின்கான்சென்கூட ஓடவில்லை என்பதால் நேற்றுவரை எனக்குக் கொஞ்சம் கவலைதான், ஆனால் இன்று ஒரு தொல்லையும் இல்லை. உமேதாவில் ஹான்ஷின் ரயில் மாறினால் கால் மணி நேரத்தில் கோஷியென் நிலையம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேலே நெடுஞ்சாலைப் பாலம் குறுக்கே போகிறது. அதன் நிழலைக் கடந்து அந்தப் பக்கம் போனதும் திடீரென்று செங்கல் சுவரும் அதில் படர்ந்த கொடியும் முன்னால் நின்றன. நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கொடிக்கு ஒரு கதை உண்டு. மைதானம் கட்டிய 1924இலேயே வைத்தது அது. பிறகு இந்த நூற்றாண்டில் மைதானத்தைப் புதுப்பிக்கும்போது வெட்டவேண்டி வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், அதன் நாற்றுகளை நாடு முழுவதும் உள்ள பள்ளிகளுக்குக் கொடுத்திருந்தார்கள், வேலை முடிந்ததும் நன்றாக வளர்ந்திருந்த பள்ளிகளிலிருந்து வாங்கித் திரும்ப நட்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பேத்தி வந்து தாத்தா வீட்டில் இருப்பது போல என்று மகனிடம் சொன்னேன். அவன் சுவரில் கை வைத்து இலையைத் தடவிப் பார்த்தான், பறிக்கவில்லை.

பெயர்க்காரணமும் நமக்கு எளிதில் புரியக்கூடியதுதான். நம்முடைய பிரபவ முதல் அட்சய வரையான அறுபது ஆண்டுச் சுற்றைப் போலவே சீன, ஜப்பானியக் கணக்கிலும் அறுபது ஆண்டுச் சுற்று ஒன்று உண்டு. 1924 அந்தச் சுற்றின் முதல் ஆண்டு. பத்துத் தண்டுகளில் முதலாவது, பன்னிரண்டு கிளைகளில் முதலாவது, இரண்டும் கூடும் ஆண்டு நல்ல சகுனம் என்று அந்த இரண்டு எழுத்தையும் எடுத்து ‘கோஷி’ ஆக்கினார்கள். ‘என்’ என்றால் தோட்டம். ஆகஸ்ட் 1ஆம் தேதி திறந்தார்கள், இந்த மாதத்தோடு நூறு ஆண்டு நிறைந்துவிட்டது. மார்ச்சில் வேலையைத் தொடங்கி அதற்குள் முடித்திருக்கிறார்கள், ஐந்து மாதம்கூட ஆகவில்லை!

ஏன் இவ்வளவு அவசரம்? 1923 வரை இந்தப் போட்டி பக்கத்தில் உள்ள நருவோவில், குதிரைப் பந்தயத் தடத்துக்கு நடுவில் இரண்டு ஆடுகளங்கள் போட்ட ஓர் இடத்தில் நடந்தது. அந்த ஆண்டு கூட்டம் தாங்காமல் ஆட்கள் ஆடுகளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள், ஆட்டமே நின்றது. ஹான்ஷின் ரயில் கம்பெனிக்கு அதற்குள் ஒரு விஷயம் புரிந்திருந்தது, ஆட்டம் பார்க்க வருபவன் ரயிலேறித்தானே வர வேண்டும். தூர்த்துவிட்ட பழைய ஆற்றுப் படுகை ஒன்று கையில் இருந்தது. அதன்மேல் கட்டினார்கள். நாங்கள் இப்போது நிற்பது ஒரு காலத்தில் ஆறு ஓடிய இடம்.

இன்று ஓய்வு நாள், ஆட்டம் இல்லை. சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தோம். ஹான்ஷின் டைகர்ஸ் அணியின் சொந்த மைதானமும் இதுதான், ஆனால் ஆகஸ்டில் பையன்களுக்காக இந்தப் பெரிய தொழில்முறை அணி தன் வீட்டைக் காலி செய்துவிட்டு மூன்று வாரம் ஊர் ஊராகப் போகும். அந்தப் பயணத்துக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மரணப் பாதை’. எனக்கு அது ஒவ்வொரு ஆண்டும் பெரிய விஷயமாகத்தான் தோன்றுகிறது.

இரண்டாம் நாள் – ஆகஸ்ட் 21, புதன்

இன்று நிறைய எழுத வேண்டும். கை வலிக்கிறது, கைதட்டியே.

வெயிலைக் கருதி ஆட்டத்தைக் காலையிலேயே வைத்துவிட்டார்கள். எங்களுக்கு வெளிமைதானத்தில் இருக்கை, அங்கே கூரை கிடையாது. உள்மைதானப் பக்கத்து இருக்கைகளுக்கு மேல்தான் அந்தப் பெரிய வெள்ளிக் கூரை இருக்கிறது. முதலில் அது இரும்புக் கூரை. 1943இல் போருக்கு உலோகம் வேண்டும் என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். போர் முடிந்து, அமெரிக்கப் படை மைதானத்தை எடுத்துக்கொண்டு, பிறகு திருப்பிக் கொடுத்து, 1947இல் கோடைப் போட்டி இங்கே திரும்பியது.

மாடிப்படி ஏறி மேலே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது நிறம். டிவியில் இது சரியாகத் தெரிவதில்லை. உள்மைதானத்தில் ஒரு புல் கிடையாது, முழுக்க மண், கறுப்பு மண், நம்மூர்க் கரிசலில் தண்ணீர் தெளித்த மாதிரி. பல ஊர்களின் கறுப்பு மண்ணை எடுத்து மணலோடு கலந்தது அது. வசந்த காலத்தில் மழை அதிகம் என்பதால் மணலைக் கூட்டுவார்கள், கோடையில் வெள்ளைப் பந்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று கறுப்பு மண்ணைக் கூட்டுவார்கள். ஹான்ஷின் எங்கேய் என்ற நிறுவனத்தின் ஆட்கள்தான் இதைப் பராமரிக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் அவர்கள் பெரிய குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கும்போது கூட்டம் கைதட்டியது! தண்ணீர் அடிப்பதற்குக் கைதட்டும் கூட்டத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சைரன் ஊதியது. போர்க்கால சைரன் போலவே நீளமாக, அடிவயிற்றில் இறங்குகிறது. இரண்டு அணியும் வரிசையாக ஓடி வந்து எதிரெதிரே நின்று குனிந்து வணங்கினார்கள், அப்புறம் முதல் பந்து.

எதிரணி தெற்கே ககோஷிமாவிலிருந்து வந்த கமிமுரா ககுயென். முதலில் நாங்கள் பின்தங்கினோம், பிறகு முந்தினோம், 2-1. (நாங்கள் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.) இந்த ஆண்டு எல்லா ஆட்டமும் இப்படித்தான் ஒன்றிரண்டு ரன்னில் முடிகிறது, ஏனென்றால் பந்து வேகமாகப் பிட்சரின் (பந்து வீசுபவரின்) முகத்துக்குத் திரும்பி வந்து காயப்படுத்தக் கூடாது என்று உலோக மட்டையைப் புதிய விதிப்படி மாற்றிவிட்டார்கள், ஆகவே பந்து முன்பு போலப் பறப்பதில்லை. ஹோம் ரன் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த இறுக்கமான ஆட்டம்தான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் கமிமுராவின் ஆட்கள். (பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய இடம், மூன்றையும் கடந்து, அடிப்பவர் நிற்கும் ‘வீட்டை’த் தொட்டால் ஒரு ரன்.) அடித்த பந்து தரையோடு உருண்டு எங்களை நோக்கி, நடு வெளிமைதானத்துக்கு வருகிறது. இரண்டாம் பேஸில் இருந்தவன் மூன்றாவதைச் சுற்றி வீட்டுக்கு ஓடுகிறான், அவன் தொட்டால் சமன். நாங்கள் இருந்தது வெளிமைதானம் என்பதால் எங்கள் ஆளின் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஓடி வந்து, எடுத்து, ஒரே வீச்சு. பந்து நேராக, குறுகிக்கொண்டே போனது. கேட்சர் வாங்கித் தொட்டது எங்களுக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு தூரம். நடுவரின் கை உயர்ந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பி எங்களிடம் வர ஒரு கணம் பிடித்தது. அவுட். ஆட்டம் முடிந்தது. மகன் என் தோளில் ஏறாத குறை. அந்த வீச்சை எல்லாரும் டிவியில் முன்பக்கமிருந்து பார்த்திருப்பார்கள், நாங்கள் பின்பக்கமிருந்து பார்த்தோம், அந்தப் பையனின் முதுகு எண்ணோடு.

பிறகுதான் அந்தக் காட்சி. தோற்ற அணி தங்கள் ஊர்க்கூட்டம் இருக்கும் ஆல்ப்ஸ் அரங்கின் முன்னால் ஓடிப்போய் வரிசையாக நின்று குனிந்தார்கள். (1929இல் அந்த அரங்கைக் கட்டியபோது வெள்ளைச் சட்டைக் கூட்டம் பனிமலை போலத் தெரிந்ததாம், அதனால் ஆல்ப்ஸ்.) சிலர் நிமிரவே இல்லை. நண்பன் ஒருவன் முதுகில் கை வைத்துத் தூக்க வேண்டியிருந்தது. அப்புறம் பெஞ்சுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, காலணிப் பையைத் திறந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

இது எப்போது தொடங்கியது என்பதற்கு இரண்டு கதை சொல்வார்கள். 1937 இறுதியில் தோற்ற குமாமோத்தோவின் கவகாமி தெத்சுஹாரு, பின்னாளில் யோமியுரி ஜயன்ட்ஸின் பெரிய ஆளானவர், சட்டைப் பையில் மண்ணை எடுத்துப்போய்த் தன் பள்ளி மைதானத்தில் தூவினார் என்பது ஒன்று. எனக்குப் பிடித்தது மற்றது. கொகுரா பள்ளியின் பிட்சர் ஃபுகுஷிமா கசுவோ 1947, 48 இரண்டு ஆண்டும் கோப்பை வாங்கியவர். மூன்றாவது முறை, 1949இல், காலிறுதியில் தோற்றுப்போனார். மைதானத்தை விட்டுப் போகும்போது தன்னை அறியாமல் குனிந்து ஒரு பிடி மண்ணைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கே நினைவில்லை. ஊருக்குப் போனதும் போட்டி அதிகாரி ஒருவரிடமிருந்து கடிதம் வருகிறது, பள்ளிக்கூடத்தில் கிடைக்காத ஒன்று உன் பாக்கெட்டில் இருக்கிறது என்று. கையை விட்டுப் பார்த்தால் மண். அதை வீட்டில் ஒரு செடித்தொட்டியில் போட்டு வைத்தார்.

இரண்டு முறை வென்றபோது எடுக்காத மண். இன்று முழுக்க எனக்கு இதே நினைப்புதான். இங்கே வரும் 49 அணிகளில் 48 அணியின் கடைசி ஆட்டம் தோல்விதான். அழுதுகொண்டு போகிறவர்களின் மைதானம் இது, கூட்டமும் அதைப் பார்க்கத்தான் வருகிறது என்று எனக்குப் படுகிறது. கமிமுரா பையன்கள் வெளியே போகும்போது எங்கள் பக்கத்தில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

இரண்டாவது ஆட்டம், கியோட்டோ கொகுசாய்க்கும் வடக்கே அவோமோரி யமதாவுக்கும். முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ரன் விட்டுக்கொடுத்த கியோட்டோ, ஆறாவதில் மூன்று எடுத்து 3-2 என்று வென்றது. இங்கே வென்ற அணியின் பள்ளிப் பாடலை ஒலிபெருக்கியில் போடுவார்கள், பையன்கள் வரிசையாக நின்று பாடுவார்கள். கியோட்டோ கொகுசாயின் பாடல் கொரிய மொழியில். அது 1947இல் கியோட்டோவில் இருந்த கொரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, இப்போது பெரும்பாலும் ஜப்பானியப் பிள்ளைகளே படிக்கிறார்கள், பாடல் மட்டும் அப்படியே இருக்கிறது. இணையத்தில் இதற்காக அசிங்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மைதானத்தில் நான் கேட்டது தாளத்தோடு கைதட்டல்தான். வேற்று நாட்டில் பிள்ளை வளர்க்கிற எனக்கு அந்த இரண்டு நிமிடம் தொண்டை அடைத்தது.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. நடு ஆட்டத்தில் மகன் முகம் சிவந்து, பேச்சைக் குறைத்துவிட்டான், நான் பயந்துவிட்டேன். பக்கத்தில் எழுபது தாண்டிய ஒரு பாட்டி, பக்கத்து அமகசாகியிலிருந்து வருடா வருடம் வருகிறவராம், தன் ஐஸ்பெட்டியிலிருந்து உறையவைத்த ஈரத்துண்டு ஒன்றை எடுத்து அவன் கழுத்தில் சுற்றி, வாயில் ஓர் உப்பு மிட்டாயையும் வைத்துவிட்டார். “தண்ணீர் மட்டும் போதாது அப்பா, உப்பும் வேண்டும்” என்று எனக்கு ஒரு பாடம். பிறகு காச்சிவாரி வாங்கிக் கொடுத்தேன், அது இந்த மைதானத்தின் பழைய பண்டம், உடைத்த ஐஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உறிஞ்சுகுழலோடு தருவார்கள், நெற்றியில் வைத்துக்கொண்டு, உருக உருகக் குடிக்க வேண்டியது. அரைமணியில் அவன் தேறிவிட்டான்.

பார்க்கிற எங்களுக்கே இப்படி என்றால் ஆடுகிறவர்களுக்கு? போன ஆண்டிலிருந்து ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் பத்து நிமிடம் குளிர் அறையில் உட்காரவைக்கிறார்கள். இந்த ஆண்டு முதல் மூன்று நாள் மட்டும் ஆட்டங்களைக் காலை, மாலை என்று பிரித்து நடு மதியத்தை விட்டுவிட்டார்கள். மூன்று நாள் போதாது, எல்லா நாளும் செய்ய வேண்டும். கூரை போட்ட வேறு மைதானத்துக்கே போட்டியை மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வது எனக்குச் சம்மதமில்லை, நேரத்தை மாற்றலாம், இடத்தை மாற்ற வேண்டாம்.

மூன்றாம் நாள் – ஆகஸ்ட் 22, வியாழன்

மறுபடி ஓய்வு நாள். காலையில் மைதானத்தோடு ஒட்டிய கோஷியென் வரலாற்று அருங்காட்சியகம்.

மகன் மட்சுசாகா தாய்சுகேயைப் பற்றிய பகுதியில் நின்றுவிட்டான். 1998 காலிறுதி, பி.எல். ககுயெனுக்கு எதிராக 17 இன்னிங்ஸ், ஒரே பையன் 250 பந்து வீசினான். இரண்டு நாள் கழித்து இறுதியில் கியோட்டோ செய்ஷோ பள்ளியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடவில்லை. அன்றைக்கு நாடே கொண்டாடியது, இன்றும் கொண்டாடுகிறது. எனக்கும் அந்த ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்தால் சிலிர்க்கும். ஆனால் பத்து வயதுப் பையனை அருகில் வைத்துக்கொண்டு 250 என்ற எண்ணைப் பார்க்கும்போது, அது வேறு மாதிரித் தெரிகிறது. இப்போது ஒரு பிட்சருக்கு வாரத்துக்கு 500 பந்து என்று வரம்பு வைத்துவிட்டார்கள். இன்னும் குறைக்கலாம் என்பது என் எண்ணம்.

1992இல், பந்தைப் பலமாக அடிப்பதில் பெயர்பெற்ற மட்சுயி ஹிதெகியை எதிரணி ஐந்து முறையும் அடிக்கவிடாமல், வேண்டுமென்றே பந்தை வெளியே வெளியே போட்டு முதல் பேஸுக்கு அனுப்பிய ஆட்டமும் இங்கேதான். அரங்கிலிருந்து குப்பையும் மெகஃபோனும் மைதானத்தில் விழுந்தன. விதிப்படி சரிதான், அப்படிச் செய்த அணியும் 3-2 என்று வென்றது. முப்பது ஆண்டு கழித்தும் ஜப்பானில் நான்கு பேர் குடிக்க உட்கார்ந்தால் இதைப் பற்றிச் சண்டை வரும்.

நான் தேடியது ஒகினாவாவை. மண் கதையில் முக்கியமானது அதுதான். 1958இல் ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அந்தக் கோடையில் முதல்முறையாக அங்கிருந்து ஷுரி உயர்நிலைப் பள்ளி கோஷியெனுக்கு வந்தது, தங்கள் சொந்த மொழி பேசும் நாட்டுக்கே பாஸ்போர்ட்டோடு, கப்பலேறி. முதல் ஆட்டத்திலேயே சுருகா பள்ளியிடம் 3-0 என்று தோற்றார்கள். எல்லாரையும் போலவே மண்ணை அள்ளிக்கொண்டு கப்பலேறினார்கள். நாஹா துறைமுகத்தில் இறங்கும்போது, வெளிநாட்டு மண்ணைக் கொண்டுவரக் கூடாது என்ற சட்டம் குறுக்கே வந்தது. மண்ணைத் துறைமுகத்திலேயே கொட்டவேண்டியதாகிவிட்டது.

செய்தியைப் படித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மண்ணுக்குத்தானே தடை? கல்லுக்கு இல்லையே. கோஷியெனின் கூழாங்கற்களைப் பொறுக்கி ஒரு பெட்டியில் வைத்து ஷுரி பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தக் கற்களைப் பதித்த நினைவுச்சின்னம் இன்றும் பள்ளியில் இருக்கிறது. 1972இல் ஒகினாவா ஜப்பானோடு சேர்ந்தது. கோடைக் கோப்பை அங்கே போனது 2010இல்தான், கோனான் பள்ளி வாங்கியது.

இதை மகனுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கடைப்பக்கம் போனான். அங்கே மைதான மண்ணைக் கொஞ்சம் வைத்த சாவிக்கொத்து விற்கிறார்கள். வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம்ப்பா. வாங்கினா எப்படி? தோத்தாதானே எடுக்கணும்.”

சரி என்று விட்டுவிட்டேன். மதியம் கோஷியென் கறி சாப்பிட்டோம், ஜப்பானியக் கறி சாதம்தான், மைதானம் திறந்த காலத்திலிருந்து விற்கிறார்களாம். சுமார்.

மாலையில் ஹான்கியூ ரயிலில் தொயொனாகா போனோம். மகனுக்குச் சலிப்புதான், ஆனாலும் நான் விடவில்லை. இந்தப் போட்டி 1915இல் தொடங்கிய இடம் அது. அன்றைய மைதானம் இல்லை, வீடுகள் வந்துவிட்டன. ஒரு பழைய செங்கல் சுவரும் அதையொட்டி ஒரு சிறிய நினைவுப் பூங்காவும் இருக்கின்றன. தெருவில் ஒரு நாய், சைக்கிளில் காய்கறிப் பையோடு ஓர் அம்மா, வேறு யாரும் இல்லை. நாளைக்கு நாற்பதாயிரம் பேர் உட்காரப்போகிற ஒரு விஷயம் இந்தச் சந்தில்தான் தொடங்கியிருக்கிறது.

முதல் போட்டியில் பத்தே அணிகள். இறுதியில் கியோட்டோவின் இரண்டாம் நடுநிலைப் பள்ளி, அகிதா நடுநிலைப் பள்ளியை 13 இன்னிங்ஸில் 2-1 என்று வென்றது. தேதி ஆகஸ்ட் 23. நாளைக்கும் ஆகஸ்ட் 23. நாளை ஆடப்போவதும் கியோட்டோ அணி ஒன்று. சுவர் முன்னால் நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. மகனிடம் சொல்லவில்லை, அபசகுனமாக நினைத்துக்கொள்வான்.

கடைசிக் கோடைக் கோப்பை கியோட்டோவுக்குப் போனது 1956இல், ஹெய்யான் பள்ளி. 68 ஆண்டு ஆகிவிட்டது. எங்கள் பள்ளிக்கோ கோடையில் இது முதல் இறுதி ஆட்டம்.

நான்காம் நாள் – ஆகஸ்ட் 23, வெள்ளி

இரவு பதினொன்றரை. நிஷிகசாய் வீட்டுக்கு வந்தாகிவிட்டது. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆட்டம் காலை 10 மணிக்கு. மறுபடி வெளிமைதானம்தான். முன்னேற்பாடாக நான்கு துண்டை ஓட்டல் ஃப்ரீசரில் உறையவைத்து எடுத்துப்போயிருந்தேன், உப்பு மிட்டாயும். அமகசாகிப் பாட்டியைக் கண்கள் தேடின, எங்கே உட்கார்ந்திருந்தாரோ.

இரண்டு பக்கப் பிட்சர்களும் அசரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இன்னிங்ஸ் போகிறது, பலகையில் சுழியம் மட்டும் ஏறுகிறது. கோஷியென் பலகையில் எழுத்துகள் கறுப்பின்மேல் வெள்ளையாக, பழைய தூரிகை எழுத்து போன்ற வடிவத்தில் வரும். இப்போது அது எலக்ட்ரானிக் திரைதான், ஆனாலும் கையால் எழுதிய காலத்து எழுத்தின் சாயலை விடவில்லை. சுழியத்துக்கு மேல் சுழியம், அந்த எழுத்தில் பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது, வயிறு மட்டும் கலங்கிக்கொண்டே இருந்தது. ஆல்ப்ஸில் எங்கள் பள்ளியின் பேண்ட் வாத்தியம் நிற்கவே இல்லை. டிரம்பெட் வாசிக்கிற பிள்ளைகளும் அதே வெயிலில்தான் இருக்கிறார்கள், அவர்களை யாரும் எண்ணுவதில்லை.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து 0-0. கோடை இறுதி ஆட்டம் டைபிரேக்குக்குப் போனது இதுதான் முதல்முறை. நம்முடைய சூப்பர் ஓவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்தாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்டும் இல்லாமல், முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஆட்களை நிறுத்திவைத்துத்தான் தொடங்க வேண்டும். பையன்களின் உடம்பைக் காப்பாற்றத்தான் இந்த விதி, 250 பந்தை நேற்றுப் பார்த்துவிட்டு வந்த நான் இதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இறுதி ஆட்டத்தை இப்படித் தீர்ப்பதைப் பார்க்க மனசு ஒப்பவில்லை என்பதும் உண்மை.

கியோட்டோ முதலில் ஆடியது. மூன்று பேஸும் நிறைந்தது. எங்கள் பக்கம் பிட்சரை மாற்றினார்கள். அந்த நெருக்கடியில் பந்து அடிக்கக்கூடிய எல்லைக்குள் விழாமல் போக, ஒரு ரன்னைச் சும்மா கொடுக்கவேண்டி வந்தது. அடுத்து வெளிமைதானத்துக்கு உயரமாக ஒரு பந்து, பிடித்தாலும் மூன்றாம் பேஸ் ஆள் ஓடி வந்துவிட்டான். 2-0.

எங்கள் முறை. ஒரு ரன் வந்தது. 2-1. மறுபடி பேஸ்கள் நிறைந்தன, இரண்டு அவுட். மைதானம் முழுக்க எழுந்து நின்றது. மகன் என் கையைப் பிடித்திருந்தான், நகம் பதிகிற அளவுக்கு. ஒரு ஹிட் போதும், இரண்டு பேர் வருவார்கள், கோப்பை எதொகவாவுக்கு. கியோட்டோவின் இடதுகைப் பிட்சர் வீசினான். மட்டை சுழன்றது, பந்து கேட்சர் கையில்.

சைரன்.

2-1. கூடுதல் இன்னிங்ஸ், கியோட்டோ, ஆகஸ்ட் 23. தொயொனாகா சுவரில் நேற்றுப் பார்த்ததே வந்துவிட்டது. இப்போது மகனிடம் சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

கியோட்டோ பையன்கள் நடுவில் குவிந்து விரலை வானத்துக்கு நீட்டினார்கள். அவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பள்ளி பேஸ்பால் அணியை 1999இல்தான் தொடங்கியது. முதல் ஆட்டமே கியோட்டோ செய்ஷோவோடு, அதாவது முந்தைய ஆண்டு மட்சுசாகாவிடம் இறுதியில் தோற்ற அதே பள்ளியோடு. 34-0 என்று தோற்றார்கள். அந்த மத்தியானம் அங்கே ஆடிய பையன்களுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். இன்று டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அதை நினைத்ததும் தோல்வியின் வலி எனக்குக் கொஞ்சம் இறங்கியது. பாடல் ஒலித்தபோது நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினோம், மகனும். அழுதுகொண்டேதான்.

எங்கள் பையன்கள் ஆல்ப்ஸ் முன்னால் வரிசையாக வந்து குனிந்தபோது, எங்களைச் சுற்றி இருந்த ஓசாகாக்காரர்கள், கோபேக்காரர்கள், எதொகவா எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள், எல்லாரும் நீண்ட நேரம் கைதட்டினார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர் மகனின் தொப்பியில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, “நல்ல அணி தம்பி, உங்களுடையது” என்றார்.

நிறைவு விழா முழுவதும் இருந்தோம். கருஞ்சிவப்பு வெற்றிக் கொடி கைமாறியது. கூட்டம் கலைந்தபிறகும் மகன் கிளம்ப மறுத்தான். ஊழியர்கள் வந்து பணிவாகச் சொல்லும்வரை தடுப்பில் சாய்ந்து அந்தக் கறுப்பு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பராமரிப்பு ஆட்கள் அதற்குள் இறங்கி, காலடித் தடங்களை இழுத்துச் சமன்செய்யத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த வாரம் டைகர்ஸ் வீடு திரும்பும்.

ஷின்கான்செனில் நகோயா தாண்டும்வரை பேச்சு இல்லை. அப்புறம் கேட்டான்.

“அப்பா, நம்ம தகுதிச் சுற்று எங்க நடக்கும்?”

“ஜூலையில. கடைசி ஆட்டங்கள் ஜிங்கு மைதானத்துல.”

“அது பழசா?”

“1926. கோஷியெனுக்கு ரெண்டு வயசு தம்பி.”

“நம்ம வீட்டுலேர்ந்து மெட்ரோவுலயே போயிடலாம்ல?”

போய்விடலாம். ஜூலையில் முதல் நாளிலிருந்தே போவதாக இருக்கிறோம். ஈரத்துண்டு ஆறு தேவைப்படும்.